படலமும் இழையும்

‘ஒளியிழை உணரி’ என்னும் கலைச்சொல்லை இன்று ஆராயப் புகுகின்றோம். சொல் அழகியதே, எனினும், உணர்வது இழை என்று கருதச் செய்துவிடுகிறது. ஹைட்ரஜனை உணர்வது இழையன்று. அதன்மேல் பூசிய பல்லேடியப் படலமே.

நிறமும் மணமும் அற்ற அவ்வாயு, காற்றில் 4 விழுக்காடு கலந்தாலே தீப்பற்றும். மின்கருவியின் சிறு பொறியும் அங்கே கேடாகலாம். ஒளியிழையோ மின்சாரத்தைக் கொண்டுசெல்வதில்லை. 1984இல் அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்தைச் சேர்ந்த பட்லர் இழைமேல் பல்லேடியம் பூசினார். ஹைட்ரஜன் பட்டதும் படலம் விரிந்து இழையை நீட்டிற்று; உள்ளே செல்லும் ஒளியின் கட்டம் மாறிற்று. அம்மாற்றமே வாயுவின் வரவை அறிவித்தது.

இந்நிகழ்வை ‘உறிஞ்சுதல்’ என்னும் ஒரே சொல்லால் எழுதிச் செல்வது போதாது. ஹைட்ரஜன் மூலக்கூறு முதலில் படலத்தின் மேற்பரப்பில் ஒட்டி அணுக்களாகப் பிரிகிறது, இது பரப்புக்கவர்ச்சி. பின்னரே அணுக்கள் உள்ளே புகுகின்றன, இதுவே உறிஞ்சுதல். இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால், ஹைட்ரஜன் சல்பைடு போன்ற கந்தகச் சேர்மம் மேற்பரப்பை அடைத்துக்கொண்டபோது, வாயு கசிந்தும் உணரி வாளாவிருப்பது ஏன் என்பதை மாணவர்க்குத் தமிழில் எங்ஙனம் விளக்குவோம்?

‘படலம்’ என்பதில் நமக்கு ஐயமில்லை. காப்பியத்தின் உட்பிரிவுக்கும் கண்ணை மறைக்கும் நோய்க்கும் வழங்கிவரும் சொல்தான். ‘தகடு’ என்றால் ஆகாதோ எனின், தகடு தனித்து நிற்பது; படலம் ஒன்றன்மேல் படர்வது. ஆதலின் ‘படல ஒளியிழை உணரி’ என்றே வழங்க வேண்டுகிறோம். நீளம் கருதிச் சுருக்க விரும்புவோர் ‘ஒளி’யை விடலாம், ‘படல’த்தை விடலாகாது.