நெரிசலும் நச்சுப்புகையும்



அண்ணாமலையைச் சுற்றிய வலப்பாதை 14 கி.மீ. நீளமுடையது. முழுநிலவுதோறும், கார்த்திகை விளக்கீட்டின்போதும் எண்ணிறந்தோர் அதில் வெறுங்காலுடன் நடக்கின்றனர். உணவைத் தேர்ந்து உண்ணலாம். மூச்சைத் தேர்ந்து இழுக்க இயலுமோ? ஆகலின் வண்டிப்புகை பற்றிச் சில சொல்வேன்.

வண்டிகள் மிகின் புகை மிகும். இஃது யாவரும் அறிந்ததே. ஆயின், அவை ஓடும் முறையும் புகையைக் கூட்டும், குறைக்கும். 14 கி.மீ. தொலைவை மணிக்கு 30 கி.மீ. விரைவில் ஒரு பேருந்து 28 மணித்துளியில் கடக்கும். நெரிசலில் விரைவு 7 கி.மீ. ஆயின், இரண்டு மணிநேரம் பொறி எரியும். நின்று நின்று கிளம்புந்தோறும் எரிநெய் மிகுதியாகச் செலவாகும். எரிநெய் முற்றும் எரியாவிடின் நிறமும் மணமுமற்ற நச்சுக் கரிவளி தோன்றும். அது குருதி உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலைக் குறைக்கும்.

1935-இல் அமெரிக்கப் பொறியாளர் புரூசு கிரீன்சீல்டு, சாலையில் வண்டிச்செறிவு மிகுமளவிற்கு விரைவு குறைவதை ஒரு நேர்கோட்டால் காட்டினார். செறிவை விரைவால் பெருக்கின், ஒரு மணியில் கடக்கும் வண்டிகளின் எண்ணிக்கை கிடைக்கும். நெரிசல் முற்றினால் செறிவு உச்சம், கடப்பதோ சுழி, புகை மட்டும் நிற்பதில்லை! ஒவ்வொரு விரைவிற்கும் உரிய புகையளவை இக்கணக்கோடு இணைத்தே இன்றைய அறிவியலார் காற்றின் மாசை முன்னறிகின்றனர்.

2020 ஏப்பிரல் முதல் புதுவண்டிகளுக்குக் கடும் புகைவரம்பு நடைமுறையில் உள்ளது. எனினும், பழைய வண்டிகள் இன்னும் ஓடுகின்றன. முழுநிலவு நாள்களில் ஊர்ப்புறத்தே பேருந்துகளை நிறுத்துவது நன்றே. ஆனால், அங்கே வரவும் செலவும் ஒரே வழியாயின், பொறிகள் அணையாவாயின், நெரிசல் இடம் மாறியதேயன்றி நீங்கியதாகாது.

2024-இல் மாநகராட்சியான இவ்வூர், வலப்பாதையெங்கும் காற்றை அளக்க வேண்டும். அவ்வளவுகளைத் தமிழில் எழுதிவைக்க வேண்டும். ஆங்கிலத்தில் மட்டும் இருப்பின், பாதையோரம் இளநீர் விற்கும் தாய்க்கு அதனால் என்ன பயன்? தான் மூச்சிழுக்கும் நஞ்சின் அளவைத் தன் மொழியில் அறியாதவன் எங்ஙனம் உரிமை கேட்பான்? அறிவியல் தமிழில் வருவது வெறும் மொழிப்பற்றன்று, உயிர்க்காப்பு.

கிரிவலம் என்பதை மலைவலம் எனச் சொல்லத் தொடங்கினோம். அம்மலையின் காற்றையும் தூய்மை செய்வோம். சொல்லும் தூயதாகுக, மூச்சும் தூயதாகுக!

வெல்க தமிழ்!