தாலியை எடுத்துக் கொடுப்பது யார்?

கணவரை இழந்த தாயைப் பிள்ளையின் கல்யாண மேடையிலிருந்து ஒதுக்குவது இன்னும் பல வீடுகளில் நடக்கிறது. சட்டம் அப்படிக் கேட்கவில்லை. அண்ணா ஆட்சியில் 1967-இல் வந்த இந்து திருமணத் திருத்தச் சட்டத்தின் 7ஏ பிரிவைப் பாருங்கள். உற்றார், நண்பர் முன்னிலையில் மணமக்கள் ஒருவரையொருவர் ஏற்பதாகத் தமக்குப் புரியும் மொழியில் சொன்னாலே போதும். அல்லது மாலையோ மோதிரமோ அணிவிக்கலாம், தாலி கட்டலாம். புரோகிதர் கட்டாயமில்லை. சடங்கு குறைந்தால் பந்தம் நிலைக்குமா என்று பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கவலைதான். ஆனால் இந்தச் சட்டம் வருவதற்கு முன் புரோகிதர் இல்லாமல் நடந்த சுயமரியாதைத் திருமணங்களையும் அதே சட்டம் செல்லத்தக்கவை என்றது. மந்திரம் வேண்டுவோர் தாராளமாக ஓதட்டும். அப்போதும் தாலியை அம்மா எடுத்துக் கொடுக்கச் சட்டத்தில் தடையில்லை. பத்திரிகை அடிக்கும்போதே இதை வீட்டில் பேசி முடித்துவிடுங்கள், முகூர்த்த நேரத்தில் வாக்குவாதம் வேண்டாம்.