ஊர்ப்பெயரும் ஒரு சான்றே

(வரலாற்றுக் கணினி விளையாட்டு ஒன்றை உருவாக்க முனைந்துள்ள மாணவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வரலாற்றைக் களமாகக் கொண்ட போர்த்திற விளையாட்டு ஒன்றைத் தமிழில் உருவாக்க முனைந்திருக்கின்றீர்கள். அதில் எந்தெந்த ஊர்களை வைப்பது, எந்தெந்தப் பெருங்கட்டடங்களைக் காட்டுவது என்னும் வினாவுக்கு விடை காணவே என்னை இங்கு அழைத்துள்ளீர்கள். விளையாட்டைப் பற்றிய சிறு வினாத்தானே இது என்று எவரும் எண்ணிவிட வேண்டா. பொத்தகத்தில் படித்த வரலாற்றை மறந்துவிடும் சிறுவன், தானே ஆண்டு, தானே கட்டி, தானே காத்த ஊரின் பெயரை எளிதில் மறப்பதில்லை. அவன் நெஞ்சில் எந்தப் பெயரை எழுதப் போகின்றோம் என்பதே இங்குள்ள வினா.

இவ்வகை விளையாட்டுகளை அறியாதாரும் இவ்வவையில் இருக்கக்கூடும் ஆகலின், முதற்கண் ஓர் எடுத்துக்காட்டைக் கூறிவிடுகின்றேன். 1991 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் சிட் மையரும் புரூசு செல்லியும் ஆக்க, மைக்ரோபுரோசு என்னும் நிறுவனம் வெளியிட்ட விளையாட்டு 'சிவிலைசேசன்'. நாகரிகம் என்பது அப்பெயரின் பொருள். ஆடுவோர் ஓர் இனத்தைத் தேர்ந்துகொண்டு, கி.மு. 4000 இல் முதல் ஊரை நிறுவி, உழவும் வாணிகமும் படையும் அறிவும் வளர்த்து, விண்கலம் செலுத்தும் காலம்வரை அவ்வினத்தை நடத்திச் செல்வர். ஒவ்வோர் இனத்திற்கும் ஊர்ப்பெயர் வரிசை ஒன்று உண்டு. ஊர்கள் எழ எழ அவ்வரிசையிலுள்ள பெயர்கள் அவற்றிற்கு இடப்பெறும். வரிசையின் முதற்பெயர் எதுவோ அதுவே தலைநகர். இவையன்றி, 'வியத்தகு பணிகள்' என ஒரு தொகுதியும் உண்டு. முதற் பதிப்பில் 14 இனங்களும் 21 வியத்தகு பணிகளும் இருந்தன. 2025 இல் அதன் ஏழாம் பதிப்பு வெளிவந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அவ்விளையாட்டில் பெயர்களைத் தேர்ந்த முறையில் நாம் கற்றுக்கொள்ள வேண்டிய நிறையும் குறையும் நிரம்ப உள்ளன.

ஒரு பெயரைப் பட்டியலிற் சேர்க்குமுன் நான்கு வினாக்களை எழுப்புங்கள் என்பதே நான் சொல்ல வந்தது.

முதல் வினா: அந்த ஊர் அந்தக் காலத்தில் இருந்ததா?

செருமானியரின் தலைநகர் எது என்று கேட்டால் எவரும் பெர்லின் என்பர். விளையாட்டின் முற்பதிப்புகளும் அவ்வாறே கொண்டன. ஆனால் 2016 இல் வந்த ஆறாம் பதிப்பில் செருமானியரின் தலைவனாகச் செந்தாடியன் பிரெடரிக்கு வைக்கப்பட்டான். அவன் இறந்தது 1190 இல். பெர்லின் என்னும் பெயர் ஆவணத்தில் முதன்முதல் காணப்படுவதோ 1244 இல். தன் சாவுக்குப் பின்னர்ப் பெயர்பெற்ற ஊரில் ஒருவன் எவ்வாறு கொலுவிருக்க முடியும்? இதனைக் கருதியே போலும், அப்பதிப்பில் அவன் தலைநகராக ஆகன் என்னும் ஊர் வைக்கப்பட்டது. 1152 இல் அவன் முடிசூடிய ஊர் அதுவே. இது நல்ல தேர்வு.

இதற்கு மாறானதும் உண்டு. 2005 இல் வந்த நான்காம் பதிப்பில் இந்தியத் தலைவர்களுள் ஒருவனாக அசோகன் சேர்க்கப்பட்டான். பாடலிபுத்திரத்திலிருந்து ஆண்ட அம்மன்னன் அங்கே நிறுவும் முதல் ஊர் தில்லி! ஒரு நாட்டிற்கு ஒரே பட்டியல் என்று வைத்துவிட்டு, எக்காலத்துத் தலைவனுக்கும் அதனையே பொருத்தியதால் வந்த வினை இது. முதற் பதிப்பின் இந்தியப் பட்டியலில் மதராசும் உண்டு. 1640 இல் ஆங்கிலேயர் கோட்டை எடுக்கத் தொடங்கி வளர்ந்த ஒரு நகரின் பெயரைக் கி.மு. ஆயிரங்களில் ஓர் ஊருக்கு இடுவது என்ன முறை? இன்று பெரிதாயிருக்கும் ஊர் என்றும் பெரிதாயிருந்தது என்னும் மயக்கமே இவற்றின் வேர்.

இரண்டாம் வினா: அவ்வூரார் அதனை என்ன பெயரிட்டு அழைத்தனர்?

வட ஆப்பிரிக்கக் கரையிலிருந்த கார்த்தேசு நகரை உரோமர் கி.மு. 146 இல் அழித்தனர். அழித்தவர் வாயில் திரிந்த பெயரின் வழிவந்ததே நாம் இன்று வழங்கும் பெயர். அந்நகரை எழுப்பிய பினீசியர் அதனைக் 'கர்த்து அதாசுத்து' என்றனர். 'புதுநகர்' என்பது அதன் பொருள். 2019 இல் ஆறாம் பதிப்பிற்கு வந்த விரிவாக்கத்தில் பினீசியரின் தலைநகருக்கு இப்பெயரே இடப்பட்டது. அவ்வாறே அதே பதிப்பில் கிளியோபாத்திராவின் தலைநகர் கிரேக்கர் வைத்த அலெக்சாந்திரியா என்னும் பெயரால் அன்றி, அவ்விடத்திற்குரிய எகிப்தியப் பெயரான 'இராக்கெதெத்து' என்பதால் குறிக்கப்பட்டது. மறைந்துபோன மக்களின் வாய்ச்சொல் ஒன்று, ஈராயிரம் ஆண்டு கழித்து உலகெங்கும் உள்ள இளைஞர் கண்முன் எழுந்து நிற்கின்றது. ஒரு பெயர்த் தேர்வால் இத்துணை செய்ய முடியும்.

எனினும், பெயராய்வு எப்பொழுதும் நேர்வழியில் முடிவதன்று. ஐந்தாம் பதிப்பில் பைசாந்தியர்க்குக் கான்சுதாந்தினோபிள் தலைநகர். உதுமானியர்க்கு இசுதான்புல் தலைநகர். இரண்டும் ஒரே இடம்! ஒரே ஆட்டத்தில் ஓரூர் ஈரூராய் நின்று ஒன்றோடொன்று போரிடும். போகட்டும், உதுமானியர் 1453 இல் அந்நகரைக் கொண்ட பின்னராவது பழம்பெயரை விட்டனரா என்றால், இல்லை. நெடுங்காலம் தம் காசுகளில் 'கொசுதந்தினியா' என்றே பொறித்தனர். எனவே, இக்காலப் பெயரைப் பின்னோக்கித் தள்ளுவதும் பிழை. பழம்பெயர் ஒருநாளில் மாறிற்று என்று கொள்வதும் பிழை. காசையும் கல்வெட்டையும் கண்டு முடிவு செய்தல் வேண்டும்.

மூன்றாம் வினா: அக்கட்டடம் எந்த நிலத்தில் நின்றது? என்ன பணி செய்தது?

பழைய பதிப்புகளில் பெரும்பாலான வியத்தகு பணிகளை எவரும் எங்கும் எடுக்கலாம். எகிப்தியக் கூம்பகங்கள் பனிநாட்டிலும் எழும். ஆறாம் பதிப்பில் இது மாறிற்று. கூம்பகங்களைப் பாலைநிலத்தில்தான் எடுக்க முடியும். பெருங்கலங்கரை விளக்கம் கடலோரத்தில்தான் அமையும். இன்கா மக்களின் மச்சுபிச்சு மலைமேல்தான் அமையும். கம்போடிய அங்கோர் வாத்துக் கோயிலோ நீர்கொணரும் கால்வாய்ப் பணிக்கு அடுத்தாற்போல்தான் எழும். இவற்றுள் என் உள்ளங்கவர்ந்தது இக்கடைசி நெறியே. அங்கோர் என்பது கோயில் மட்டுமன்று. ஏறத்தாழ 8 கிலோமீட்டர் நீளமுள்ள மேலைப்பேரேரி போன்ற நீர்நிலைகளால் உயிர்த்த நகரம் அது. அந்நீரின்றிக் கோயிலைக் கட்டியவர்க்குச் சோறில்லை. இவ்வுண்மையைக் கட்டுரை எழுதி விளக்காமல் ஆட்டத்தின் நெறியாகவே வைத்துவிட்டனர். ஆடுவோன் தானே உணர்ந்துகொள்கின்றான்.

நான்காம் வினா: பட்டியலில் யார் இல்லை? இருப்போர் அதற்கு இசைந்தனரா?

உலக வியப்புகள் ஏழு என்று கூறியவர் பண்டைக் கிரேக்கர். அவ்வேழும் அவர்கள் அறிந்த நிலப்பகுதிக்குள்ளேயே அடங்கின. அஃது அவர்தம் குற்றமன்று. கண்டதைத்தானே எழுத முடியும்? ஆனால், 1991 இன் விளையாட்டிலும் பண்டைக்காலப் பணிகள் ஏழனுள் நான்கு அக்கிரேக்கப் பட்டியலினின்றே எடுக்கப்பட்டன. இருபத்தொன்றனுள் இந்தியத் துணைக்கண்டத்துக் கட்டடம் ஒன்றேனும் இல்லை. கொலம்பசுக்கு முந்திய அமெரிக்காவினது ஒன்றேனும் இல்லை. அசுத்தெக்கு மக்களும் இந்தியரும் ஆட்டத்தில் உண்டு. அவர்கள் கட்டியது எதுவும் இல்லை! பின்வந்த பதிப்புகள்தாம் தாசுமகாலையும் அங்கோர் வாத்தையும் மாயர்தம் சிச்சன் இட்சாவையும் சேர்த்து இக்குறையைச் சிறிது சிறிதாக நீக்கின. ஒரு பட்டியலைப் பார்த்து அதே பட்டியலை மீண்டும் எழுதுவோர், முன்னவர் காணாததைத் தாமும் காணார்.

இசைவு பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்கப் பழங்குடியினருள் புயெபுலோ மக்களையும், 1680 இல் எசுப்பானியரை எதிர்த்து எழுந்த அவர்தம் தலைவர் போபேயையும் ஐந்தாம் பதிப்பிற் சேர்க்க அதன் ஆக்குநர் எண்ணினர். புயெபுலோத் தலைவர்கள் அதற்கு இசையவில்லை. தம் முன்னோர் சொற்கள் விளையாட்டில் ஒலிப்பதை அவர்கள் விரும்பவில்லை. ஆக்குநர் அவ்வெண்ணத்தைக் கைவிட்டனர். 2013 இல் வந்த விரிவாக்கத்தில் சொசோனி மக்கள் இடம்பெற்றனர். விடுபட்டோரைச் சேர்க்க வேண்டும் என்பது உண்மையே; ஆயினும் அவர்தம் வாயிலில் நின்று கேட்டபின் சேர்க்க வேண்டும்.

இனி, நம் நிலத்திற்கு வருவோம். 2022 இல் 'ஏசு ஆப் எம்பயர்சு' என்னும் விளையாட்டின் இரண்டாம் பகுதி, இந்தியர் என ஒன்றாயிருந்த தொகுதியைப் பிரித்துத் திராவிடர் என ஒரு பிரிவைச் சேர்த்தது. அவ்வீரர்கள் தமிழ் பேசுகின்றனர். இராசேந்திர சோழன் வரலாறு அதில் ஆட்டமாகியுள்ளது. 2025 இல் 'சிவிலைசேசன்' ஏழாம் பதிப்பில் சோழர் தனியினமாகவே வந்தனர். ஐந்நூற்றுவர், மணிக்கிராமம், அஞ்சுவண்ணம் என்னும் வணிகக் குழுக்களின் பெயர்கள் அங்கு நகர்ப்பகுதிக்கும் கட்டடங்களுக்கும் இடப்பட்டுள்ளன. சுமத்திராவின் பாரூசில் கிடைத்த 1088 ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு அவ்வைந்நூற்றுவரைக் கூறுகின்றது. வாளை மட்டும் காட்டாமல் வணிகரையும் காட்டிய அத்தேர்வைப் பாராட்டவே வேண்டும்.

அங்குச் சோழர்க்குரிய வியத்தகு பணி, தஞ்சைப் பெரியகோயில். ஆனால் பெயர் 'பிருகதீசுவரர்' கோயில் என்றுள்ளது. அது பிற்காலத்து வடமொழிப் பெயர். 1010 இல் கோயிலை முடித்த மன்னன் தன் கல்வெட்டில் பொறித்த பெயர் இராசராசேச்சரம். கார்த்தேசுக்குச் செய்த முறையைத் தஞ்சைக்கும் செய்திருக்கலாமே என்பதே நம் குறை. அயலார் செய்யாததை நீங்கள் செய்யலாம்.

நீங்களும் அதே நான்கு வினாக்களுக்கு உட்பட்டவர்களே. தமிழ்நாட்டுக் கோயில் என்றவுடன் வானளாவிய வாயிற்கோபுரத்தை வரைந்துவிடாதீர்கள். தஞ்சையில் உயர்ந்தது கருவறைமேலுள்ள விமானமே. வாயில்கள் அதனினும் தாழ்ந்தவை. மதுரையின் உயர்ந்த தெற்குக் கோபுரம் 16 ஆம் நூற்றாண்டினது. திருவரங்கத்துப் பெருங்கோபுரமோ நெடுங்காலம் அடிப்பகுதியளவில் நின்று, 1987 இல்தான் நிறைவுற்றது. அதனை இராசராசன் காலத்து ஊரில் நிறுத்தினால், செந்தாடியனைப் பெர்லினில் அமர்த்தியவரினும் பெரும்பிழை செய்தவராவோம். தஞ்சை அரண்மனையும் நாயக்கரும் மராட்டியரும் எடுத்ததே.

தலைநகரும் அவ்வாறே. கரிகாலன் ஆடினால் உறையூரும் புகாரும். இராசராசன் ஆடினால் தஞ்சை. இராசேந்திரன் கங்கைப் படையெடுப்பிற்குப் பின் ஆடினால் கங்கைகொண்ட சோழபுரம். 'சோழர் தலைநகர்' என ஒரே பெயரை எழுதி முடிப்பது சோம்பல். நான் இன்னொன்றும் வேண்டுவேன்: ஏரிகளைச் சேருங்கள். பத்தாம் நூற்றாண்டில் எடுத்த வீராணத்து நீரை 2004 முதல் சென்னை குடிக்கின்றது. தாய்லாந்தின் தகுவாபாவில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, குளம் ஒன்றை மணிக்கிராமத்தாரின் காவலில் வைத்ததைக் கூறுகின்றது. கடல்கடந்து சென்ற நம்மவர் விட்டுவந்த சான்று ஒரு குளமாயிருப்பது எத்துணைச் சிறப்பு! படத்தில் அழகாயிருப்பது கோபுரம். ஊரை வாழவைத்தது குளம்.

'இராசராசேச்சரம் என்றால் எவருக்குத் தெரியும்? தெரிந்த பெயரை இட்டால்தானே ஆடுவர்?' என்று உங்களுள் ஒருவர் கேட்கலாம். முறையான கேள்வியே. விளையாட்டில் முதலில் வேண்டுவது சுவை. பாடநூலை எவரும் விலைகொடுத்து ஆடார். ஆனால் 1991 இன் முதற் பதிப்பிலேயே 'சிவிலோபீடியா' என்னும் விளக்கக் களஞ்சியம் உள்ளே வைக்கப்பட்டிருந்தது. வரைபடத்தில் அக்காலப் பெயரை இடுங்கள். தொட்டவுடன் விரியும் குறிப்பில் இக்காலப் பெயரையும் சான்றையும் தாருங்கள். கர்த்து அதாசுத்து என்னும் பெயரைக் கேட்டறியாத கோடிக்கணக்கானோர் உள்ள உலகில் அதனைத் துணிந்து வைத்தவர்கள் உண்டு. இராசராசேச்சரத்தை வைக்கத் தமிழர்க்கு என்ன தயக்கம்?

தோழர்களே! பட்டியல் எழுதுவது ஒரு மாலைப்பொழுதில் முடியும் வேலை. அதனை ஆராய்ந்து எழுதப் பல திங்கள் ஆகலாம். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே நான்கு கட்டங்கள் இடுங்கள்: காலம், அவர்கள் வழங்கிய பெயர், நின்ற இடமும் செய்த பணியும், விடுபட்டோரும் இசைவும். நான்கும் நிரம்பாத பெயர் எத்துணைப் புகழ்பெற்றதாயினும், நிரம்பும்வரை அதனைப் புறத்தே நிறுத்துங்கள். எதிரியின் ஊராயினும் இதே அளவுகோலால் அளங்கள். சாளுக்கியனின் கலியாணியும் ஈழத்துப் பொலன்னறுவையும் தத்தம் பெயரோடும் ஏரியோடும் உங்கள் ஆட்டத்தில் நிற்கட்டும். நம்மவரை உயர்த்தப் பிறரைச் சிதைத்துக் காட்டும் ஆட்டம், பிறர் நமக்குச் செய்ததையே திருப்பிச் செய்வதாகும்.

நாளை ஒரு சிறுமி உங்கள் விளையாட்டைத் திறந்து தன் முதல் ஊரை நிறுவுவாள். திரையில் எழும் பெயரை அவள் வாய்விட்டுப் படிப்பாள். அப்பெயர் மெய்யாயிருக்கட்டும். பணியைத் தொடங்குங்கள்.