துரும்பால் பேசிய துரை



ஆயிரம் பேர் வருவார்கள் என்று சொல்லித்தான் என்னைக் கூட்டிவந்தார்கள். வந்து பார்த்தால் நாற்காலியே முந்நூறுதான். பரவாயில்லை, பாளையங்கோட்டையில் முந்நூறு பேர் காது கொடுத்தால் மற்ற ஊரில் மூவாயிரம் பேருக்குச் சமம். (கைதட்டல்) பார்த்தீர்களா, ஊரைப் புகழ்ந்தால் உடனே தட்டுகிறீர்கள்! இன்றைக்கு ஊரைக் கொஞ்சம் வையவும் போகிறேன். அப்போதும் தட்ட வேண்டும்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, பேச்சு வராதவர்களுக்கு எழுத்தறிவு. அழைப்பிதழைப் பார்த்த நண்பர் ஒருவர் கேட்டார்: "என்ன வே, வாயாலேயே பிழைக்கிற உம்மைப் போய் இதுக்குக் கூப்பிட்டிருக்காவ?" நியாயமான கேள்விதான். ஆனால் இந்த ஊரில் இந்தத் தலைப்பை எடுத்தால் என் நெஞ்சில் முதலில் வந்து நிற்கிறவர் ஒருவர் இருக்கிறார். அவரைச் சொல்லாமல் நான் நகர மாட்டேன்.

1799 அக்டோபர் 16. கயத்தாறு. கட்டபொம்மனைத் தூக்கில் போட்டார்கள். அது எல்லாருக்கும் தெரியும், சிவாஜி கணேசன் நமக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டார். தம்பி ஊமைத்துரையை என்ன செய்தார்கள்? இங்கே, இதே பாளையங்கோட்டையில் சிறை வைத்தார்கள். பேச்சு வராதவர். ஒரு வருஷத்துக்கு மேல் உள்ளே இருந்தார். 1801 பிப்ரவரியில் சிறையை உடைத்து வெளியேறினார். விறகு விற்கிறவர்கள் மாதிரியும் திருச்செந்தூருக்குப் போகிறவர்கள் மாதிரியும் ஆட்கள் வந்து மீட்டார்கள் என்று ஊரில் கதை சொல்வார்கள். கும்பினிக்காரன் இடித்துத் தரைமட்டமாக்கிய பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைச் சில நாட்களில் மண்ணால் மறுபடி எழுப்பினார். துரத்தி வந்த வெள்ளைக்காரன், இடித்த இடத்தில் கோட்டை நிற்பதைப் பார்த்து மலைத்துப்போனான். (கைதட்டல்)

இருங்கள், இன்னும் இருக்கிறது. பேச்சு வராத மனிதர் படையை எப்படி நடத்தினார்? அவரை எதிர்த்துச் சண்டை போட்ட ஜேம்ஸ் வெல்ஷ் என்கிற அதிகாரி பிற்பாடு புத்தகமாக எழுதி வைத்தார், 1830இல். ஒல்லியான, நோஞ்சான் உடம்புக்காரர், ஆனால் மன உறுதி அபாரம் என்கிறார் வெல்ஷ். அந்த ஒல்லி மனிதர் துரும்புகளைப் பொறுக்குவாராம். இடது உள்ளங்கையில் அடுக்குவாராம். இதுதான் வெள்ளைக்காரன் படை, இத்தனை பேர், இந்த நேரத்துக்கு வருகிறான் என்று சைகை காட்டுவாராம். பிறகு வலது கையால் அத்தனை துரும்பையும் ஒரே வீச்சில் தள்ளிவிட்டு வாயால் 'விஷ்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்! அதுதான் உத்தரவு. வேல்கம்போடு கூட்டம் பாயும். மார்ச் கடைசியில் கோட்டையைத் தாக்கவந்த வெள்ளைப் படை அடிவாங்கித் திரும்பியது. மே 24 வரைக்கும் கோட்டை நின்றது. (பலத்த கைதட்டல்)

தட்டியது போதும். நான் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். அந்தத் துரும்பைப் படிக்கத் தெரிந்த ஆயிரக்கணக்கான பேர் அன்றைக்குச் சுற்றி நின்றார்கள். அவர் கை அசைவதற்காகக் காத்திருந்தார்கள். இன்றைக்கு உங்கள் தெருவில் மூளை முடக்குவாதத்தோடு ஒரு பிள்ளை இருக்கிறது. ஆட்டிசத்தோடு ஒரு பிள்ளை இருக்கிறது. அது என்ன சொல்ல வருகிறது என்று நின்று பார்க்க எத்தனை பேர் இருக்கிறோம்?

இதில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. பெயர் சொல்ல மாட்டேன், சொன்னால் நாளைக்குப் போஸ்டர் ஒட்டுவார்கள். வருஷா வருஷம் நவம்பர் 16, ஊமைத்துரையைத் தூக்கில் போட்ட நாள் வந்தால் மாலையோடு கிளம்புவார்கள். பத்துக் கார், இருபது கொடி, ஒரு மாலை. (சிரிப்பு) எங்கள் ஆள், உங்கள் ஆள் என்று அவருக்காகச் சண்டை வேறு. நான் கேட்கிறேன், பேச்சு வராத அந்த வீரருக்கு மாலை போடுகிற கையால், பேச்சு வராத ஒரு பிள்ளையைப் பள்ளியில் சேர்த்துவிட்டிருக்கிறீர்களா? சாய்தளமே இல்லாத மேடையில் ஏறி நின்று சக்கர நாற்காலி வழங்கும் விழா நடத்துகிறார்கள், அந்த மேடைக்குச் சக்கர நாற்காலி ஏறுமா என்று யாராவது யோசித்தார்களா? சரி, விடுங்கள். அவர்களைப் பேச ஆரம்பித்தால் விடிந்துவிடும். எங்கே விட்டேன்? பள்ளிக்கூடம்.

ஒரு தாய் என்னிடம் சொன்னது. குறுக்குத்துறைப் பக்கம் வீடு. மகனுக்கு மூளை முடக்குவாதம். பேச்சு இல்லை, கை நிற்காது. பள்ளிக்குத் தூக்கிக்கொண்டு போனாள். "பேச்சு வரட்டும்மா, பெறவு எழுத்துப் பாக்கலாம்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எந்தப் பள்ளி என்று சொல்ல மாட்டேன். யாரோ புண்ணியவான் ஒரு படப் பலகை செய்து கொடுத்தார். தம்ளர் படம், சோற்றுத் தட்டுப் படம், கட்டில் படம், கக்கூஸ் படம். கண்ணால் காட்டினால் போதும். பையன் தம்ளரையே பார்க்கிறான். தண்ணி கொடுத்தாள். திரும்பவும் தம்ளர். திரும்பவும் தண்ணி. வயிறு ஊதிப்போச்சு பையனுக்கு! (சிரிப்பு) அழுகிறான், தம்ளரையே பார்க்கிறான். சுகர் இருக்குமோ என்று ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கே தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

வீட்டில் அக்காக்காரி ஒருத்தி, எட்டாம் வகுப்பு. பழைய தினசரிக் காலண்டர் அட்டையில் எழுத்தெல்லாம் எழுதி அவன் முன்னால் பிடித்தாள். பிடித்தவுடனே எழுதிவிட்டானா? இல்லை. மாசக் கணக்கில் கண்டபடி பார்த்தான். அவள் விடவில்லை. பாடப் புத்தகத்தை விரல் வைத்து வாசித்துக் காட்டினாள், பலகையை நீட்டினாள், பொறுத்திருந்தாள். ஒருநாள் எழுத்து விழுந்தது. 'ஆ.' அடுத்து 'று.' ஆறு! அம்மாக்காரி நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தாள். "ஆறு மணி ஆவலியேல, இப்பத்தானே நாலு?" (சிரிப்பு) பையன் இன்னொரு எழுத்து வைத்தான். 'போ.' இரண்டு வருஷமாகத் தம்ளரைப் பார்த்த பிள்ளைக்கு வேண்டியது குடிக்கிற தண்ணீரில்லை அய்யா, தாமிரபரணி! அக்கா குளிக்கப் போகிற ஆற்றுக்குத் தானும் போக வேண்டும். படப் பலகை செய்தவர் நல்லவர்தான். ஆனால் அதில் ஆறு இல்லையே! (நீண்ட கைதட்டல்)

படப் பலகை வேண்டாம் என்று சொல்லவில்லை. முதல் நாளிலிருந்து வேண்டும். ஆனால் படத்தில், செய்தவர் யோசித்தது மட்டும்தான் இருக்கும். எழுத்தில்தான் அவனே யோசித்தது வரும்.

உடனே ஒருவர் எழுந்து, "தமிழுக்கு 247 எழுத்து ஆச்சே, பலகை பந்திப்பாய் நீளத்துக்கு வேணுமே" என்பார். இல்லவே இல்லை. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. மொத்தம் 31 கட்டம். 1999இல் அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 விசைப்பலகையே அப்படித்தான் ஓடுகிறது, மெய்யைத் தட்டி உயிரைத் தட்டினால் உயிர்மெய் தானே வரும். கையே அசையாத பிள்ளைக்கு என்ன வழி? நம் இலக்கணக்காரன் வழி போட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறான். வல்லினம் ஆறு, மெல்லினம் ஆறு, இடையினம் ஆறு. மூன்று வரிசை, வரிசைக்கு ஆறு. உயிரில் குறில் ஐந்து, நெடில் ஏழு. பக்கத்தில் இருப்பவர் கேட்க வேண்டும்: "உயிரா? வல்லினமா? மெல்லினமா? இடையினமா?" வல்லினம் என்றதும் பிள்ளை கண்ணை மேலே தூக்குகிறான். "க, ச, ட, த, ப, ற" என்று நிதானமாகச் சொல்லுங்கள். ற-வில் கண் தூக்குகிறான். "குறிலா? அ, இ, உ..." அங்கே கண் தூக்கினால் 'று' வந்துவிட்டது. ஐந்தாம் வகுப்பில் வல்லினம் மெல்லினம் எதற்கு என்று வாத்தியாரைத் திட்டினோமே, இதற்குத்தான் வே! (கைதட்டல்)

செலவு? ஒரு சார்ட் பேப்பர், ஒரு ஸ்கெட்ச் பேனா. வசதி இருந்தால் கருவியும் இருக்கிறது. சென்னையில் அஜித் நாராயணன் என்கிற ஐஐடி இளைஞர் 'ஆவாஸ்' என்று ஒன்றைச் செய்தார். தொட்டால் குரல் வரும், தமிழிலும் பேசும். 2011இல் எம்.ஐ.டி. பத்திரிகை அவரைச் சிறந்த இளம் கண்டுபிடிப்பாளர்களில் ஒருவராக எடுத்துச் சொன்னது. பூனம் நடராஜன் 1985இல் சென்னையில் தொடங்கிய வித்யாசாகர் போன்ற இடங்களில் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்த்துச் செய்த வேலை அது. நல்ல கருவி. ஆனால் எந்தக் கருவியை வாங்கினாலும் பக்கத்தில் பொறுமையாக ஓர் ஆள் வேண்டும், அது கடையில் கிடைக்காது.

தாய்மார்களுக்கு மூன்று சங்கதி சொல்கிறேன். ஒன்று, பேச்சு வந்த பிறகு எழுத்து என்று காத்திருக்காதீர்கள். பேசுகிறவனுக்கு வாய் இருக்கிறது, பேச்சு வராதவனுக்குத்தான் எழுத்து முந்தி வேண்டும். இரண்டு, கிறுக்க விடுங்கள். நம் பிள்ளை சுவரெல்லாம் கரித்துண்டால் கிறுக்கிய பிறகுதானே 'அ' போட்டது? இந்தப் பிள்ளை பலகையில் கண்டதைக் காட்டினால் அது அவன் கிறுக்கல். பரீட்சை வைத்து மார்க் போடாதீர்கள். மூன்று, கேள்வி கேட்டால் பொறுங்கள், மனசுக்குள் பத்து எண்ணுங்கள். ஆனால் அவன் கையை நீங்கள் பிடித்துக்கொண்டு எழுத்தின்மேல் வைக்காதீர்கள். வைத்தால் வருவது அவன் பேச்சில்லை, உங்கள் பேச்சு.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்பார்கள். அயர்லாந்தில் கிறிஸ்டோபர் நோலன் என்று ஒருவர். சினிமா எடுக்கிறவர் இல்லை, தம்பிமார்கள் உற்சாகப்பட வேண்டாம்! (சிரிப்பு) இவர் எழுத்தாளர். பேச்சும் இல்லை, கையும் இல்லை. நெற்றியில் ஒரு குச்சியைக் கட்டிக்கொண்டு, அம்மா தாடையைத் தாங்கிப் பிடிக்க, தட்டச்சில் ஒவ்வோர் எழுத்தாகக் குத்தினார். 1987இல் விட்பிரெட் பரிசு வாங்கினார். மும்பையில் மாலினி சிப், மூளை முடக்குவாதம். ஒற்றை விரலால் தன் வரலாற்றைத் தானே தட்டி எழுதினார். லண்டனில் இரண்டு முதுகலைப் பட்டம் வாங்கினார். அவர் அம்மா மிது அலூர் 1972இல் பள்ளி தொடங்கினார், தன் பெண்ணுக்கு இடம் கிடைக்காததால்!

வெளியூர்க் கதை எதற்கு? ஆய்க்குடிக்குப் போங்கள். 1975இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது கீழே விழுந்து, கழுத்துக்குக் கீழே அசைவிழந்தவர் எஸ். ராமகிருஷ்ணன். 1981இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். 2020இல் பத்மஸ்ரீ. அங்கிருந்து பயிற்சியாளர்கள் கிராமம் கிராமமாக வீடு தேடிப் போகிறார்கள். இதே பாளையங்கோட்டையில் 1890இல் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்ற பிள்ளைகளை விரலால் தமிழ் படிக்க வைத்தார். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் ஸ்வைன்சன் அம்மையார் காது கேளாத பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். கண்ணுக்குக் கொடுத்தோம், காதுக்குக் கொடுத்தோம். வாய்க்கு மட்டும் நூற்றிருபது வருஷத்துக்கு மேலாகக் காத்திரு என்றால் என்ன நியாயம்? இப்போதுதான் வைகிறேன், தட்டுங்கள் பார்ப்போம்! (கைதட்டல்) 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவு. பேச்சுக்குத் துணையாகவும் மாற்றாகவும் உள்ள முறைகளைக் கல்வியில் வளர்ப்பது அரசின் கடமை என்று எழுதியிருக்கிறது. யாரும் போடுகிற பிச்சை இல்லை இது.

திரும்பவும் அந்தத் துரைக்கு வருகிறேன், என்னால் விட முடியவில்லை. துரும்பைக் கையில் வைத்துச் சாம்ராஜ்யத்தை நடுங்க வைத்தவர். கோட்டை விழுந்த நாளில் காயத்தோடு கிடந்தவரை ஊர்ப்பெண்கள் துணியால் மூடி, அம்மை வந்து செத்தவன் என்று ஒப்பாரி வைத்துக் காப்பாற்றினார்கள் என்கிற கதைவரைக்கும் நமக்குத் தெரிகிறது. எப்படித் தெரிகிறது? வெல்ஷ் எழுதினார்! எதிரி எழுதினார்! சிறையில் அந்தப் பதினாறு மாதம் அவர் மனசில் என்ன ஓடியது? அண்ணனைத் தூக்கில் போட்ட சேதி கேட்டு என்ன நினைத்தார்? ஒரு வரி நமக்குக் கிடைக்கவில்லை. சைகை, பக்கத்தில் நிற்கிறவனுக்குப் புரியும். தன்னைப் பார்த்தே இராதவனிடம் போய்ச் சேர எழுத்துதான் வேண்டும். இருநூறு வருஷத்துக்குப் பிறகும் நம் பிள்ளைகள் கதையை அடுத்தவன்தான் எழுத வேண்டுமா?

இதோ, கூட்டத் தலைவர் துண்டுச் சீட்டு அனுப்பிவிட்டார். 'நேரம் முடிந்தது' என்று எழுதியிருக்கிறார். பாருங்கள் அய்யா, வாயைத் திறக்காமல் நாலங்குலக் காகிதத்தில் எழுதி, இவ்வளவு நேரம் கத்தின என்னை உட்கார வைக்கிறார்! (பலத்த சிரிப்பு) இந்த அதிகாரத்தைத்தான் அந்தப் பிள்ளைகளுக்கும் கேட்கிறேன். வாசலில் தம்பிகள் 31 கட்டம் போட்ட அட்டை வைத்திருக்கிறார்கள், காசு வேண்டாம். ஆளுக்கொன்று எடுங்கள். உங்கள் தெருவில் எந்த வீட்டுக்கு அது போக வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். நாளைக் காலையில் கொண்டுபோய்க் கொடுங்கள். கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள், அரைமணி நேரம் உட்கார்ந்து "உயிரா, வல்லினமா" என்று கேளுங்கள்.