கப்பலின் பக்கம் நின்று பார்த்தால்



காலையில் இந்த அரங்கின் வாசலில் சற்று நேரம் நின்றிருந்தேன். ஒரகடம் சாலையில் டிரெய்லர்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. சிலவற்றில் கன்டெய்னர், சிலவற்றில் இரண்டடுக்காக ஏற்றிய புதுக் கார்கள். இங்கிருந்து கடல் பல கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. காற்றில் உப்பு வாடைகூடக் கிடையாது. ஆனாலும் ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் துறைமுகத்து ஊர்கள்தாம் என்று சொல்லவே வந்திருக்கிறேன்.

இந்த மாநாட்டில் வாசிக்கப்படவிருக்கும் கட்டுரைகளின் சுருக்கங்களை எனக்கு முன்கூட்டியே அனுப்பியிருந்தார்கள். உழைத்து எழுதியவை. ஆனால் பெரும்பாலானவை சரக்கின் பின்னாலேயே போகின்றன. ஆலை வாசல், நெடுஞ்சாலை, சுங்கம், துறைமுக வாசல் என்று போய், பெட்டி கப்பலேறியதும் கட்டுரை முடிந்துவிடுகிறது. அந்தக் கப்பல் எப்படி உள்ளே வந்தது, யார் கொண்டுவந்து கட்டினார்கள், அதிலிருப்பவர்களுக்குத் தண்ணீர் யார் கொடுத்தார்கள் என்று கேட்டவர்கள் மிகச் சிலரே.

ஒரு காட்சியைச் சொல்கிறேன். 2010-ல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை திறந்தது. அதே ஆண்டில் அங்கே செய்த மைக்ரா கார்கள் எண்ணூர்த் துறைமுகம் வழியாக ஐரோப்பாவுக்குப் போகத் தொடங்கின. கார் ஏற்றும் கப்பலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது மிதக்கும் அடுக்குமாடிக் கட்டடம் போல இருக்கும். செங்குத்தாக உயர்ந்து நிற்கும் அதன் பக்கவாட்டில் காற்று மோதினால் கப்பலே ஒரு பெரிய பாய் ஆகிவிடுகிறது. வேகம் குறையக் குறையச் சுக்கானுக்கும் பிடி குறையும். அந்த நேரத்தில் அதைத் தாங்கிப் பிடிப்பவை டக் என்னும் இழுவைப் படகுகள். அதற்கு முன்பே, வெளியே கடலில், ஓடும் கப்பலின் ஓரமாகப் பைலட்டின் படகு வந்து சேர்ந்திருக்கும். அலையில் படகு ஏறி இறங்கும் கணத்தைப் பார்த்து அவர் கயிற்றேணியைப் பற்றி ஏற வேண்டும். கால் தவறினால் இரண்டு இரும்புச் சுவர்களுக்கு நடுவே கடல். மேலே ஏறிய பிறகு காற்று, நீரோட்டம், ஆழம் எல்லாவற்றையும் பார்த்துக் கேப்டனுக்கு வழி சொல்வார். கப்பல் நெருங்கியதும் எறிகயிறு பறந்து வரும். கரையிலிருக்கும் ஆட்கள் அதைப் பிடித்து, அதன் பின்னால் வரும் தடித்த வடத்தை இழுத்து முளையில் மாட்டுவார்கள். வடம் அறுந்து தெறித்தால் ஆளையே வெட்டிவிடும். இத்தனையும் முடிந்த பிறகுதான் சரிவுப்பலகை இறங்கி, முதல் கார் உள்ளே போகும்.

பாகம் சரியான நேரத்தில் வருவதும் வண்டி சரியான நேரத்தில் போவதும் இந்த ஆலைகளின் உயிர்நாடி. அந்த நேரக் கணக்கில் பைலட்டின் ஏணிக்கும் இடமுண்டு என்பது என் வாதம்.

கப்பலுக்குச் சேவை செய்வது புதிய தொழில் அல்ல. சென்னைக்கு இயற்கை தந்த துறைமுகம் கிடையாது. ஆரம்ப காலத்தில் கப்பல்கள் அலைகளுக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்கும். ஆணி அடிக்காமல் தென்னை நாரால் தைத்த மசூலா படகுகள்தான் ஆளையும் சரக்கையும் கரை சேர்த்தன. அந்தப் படகும் போக முடியாத கடலில் கட்டுமரக்காரர்கள் கப்பலுக்குக் கடிதம் கொண்டுபோனார்கள், நனையாமல் தலைக் குல்லாய்க்குள் வைத்து. கப்பலுக்குச் சேவை என்று சென்னை முதலில் கொடுத்தது அந்த மீனவக் குப்பத்து மக்களின் உடல் வலிமையைத்தான். 1861-ல் கடலுக்குள் நீளும் இரும்புத் தூண் பாலம் வந்தது. பிறகு கட்டிய செயற்கைத் துறைமுகத்தை 1881 நவம்பர்ப் புயல் உடைத்துப் போட்டது. கிழக்கே இருந்த வாயில் மணலால் தூர்ந்துகொண்டே வர, துறைமுகத் தலைவராக இருந்த பிரான்சிஸ் ஸ்ப்ரிங் காலத்தில் அதை அடைத்து வடகிழக்கில் திறந்தார்கள். கப்பல் நிம்மதியாக நிற்கக் கட்டிய அந்தச் சுவர்கள் வடக்கே போகும் மணலைத் தடுத்தன. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம், திருவொற்றியூர்க் கரைகள் அரிக்கப்பட்டன. கப்பலுக்கு நாம் செய்து கொடுத்த வசதியின் விலையில் ஒரு பங்கை மீனவக் குடும்பங்கள் இன்றும் செலுத்திவருகின்றன. துறைமுகக் கணக்கை எழுதும் யாரும் அதை விட்டுவிடக் கூடாது.

இனி என் மனத்தை அறுக்கும் ஒன்று. 2012 அக்டோபர் 31, நீலம் புயல் நாள். சென்னைக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த பிரதிபா காவேரி என்ற எண்ணெய்க் கப்பல் அடித்துவரப்பட்டுப் பெசன்ட் நகர்க் கரையருகே தரைதட்டியது. உயிர்ப்படகில் இறங்கிய மாலுமிகளில் சிலர் இறந்துபோனார்கள். உணவு, குடிநீர், எரிபொருள் எல்லாவற்றுக்கும் அந்தக் கப்பலில் தட்டுப்பாடு இருந்ததாகப் பின்னர் செய்திகள் வந்தன. இத்தனை பெரிய நகரத்தின் விளக்குகள் தெரியும் தூரத்தில் அது நின்றிருந்தது. கப்பலுக்குக் குடிநீர் என்பதைக் கட்டண அட்டவணையில் ஒரு வரியாகப் படித்துப் பழகிய எனக்கு, அதை அப்படிப் படிக்க அதன்பின் முடியவில்லை.

கரையில் மாலுமிகளுக்கான நல வசதிகள் கிடைக்க வேண்டும் என்று 2006-ன் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை சொல்கிறது. இந்தியா 2015-ல் அதை ஏற்றது. ஆனால் 2020-ல், கொரோனா காலத்தில், உலகெங்கும் ஏறக்குறைய 4 லட்சம் மாலுமிகள் ஒப்பந்தம் முடிந்தும் கப்பலிலேயே அடைபட்டிருந்தார்கள். சரக்கு இறங்கியது, மனிதர் இறங்க முடியவில்லை.

கரையிலும் அதே கதைதான். டிரெய்லர் ஓட்டுநர்கள் துறைமுகச் சாலையில் மணிக்கணக்கில், நெருக்கடியான காலங்களில் நாள்கணக்கில், காத்துக்கிடந்திருக்கிறார்கள். மதுரவாயல்–துறைமுகம் மேம்பாலச் சாலைக்கு 2009-ல் அடிக்கல் நாட்டினார்கள். வேலை நின்றுபோய், 2022-ல் மறுபடியும் நாட்டினார்கள். இடைப்பட்ட அந்த ஆண்டுகளில் வண்டிக்குள்ளேயே சமைத்து, வண்டிக்கடியிலேயே படுத்தவர்களின் அனுபவத்தை யாரும் ஆய்வேடாக எழுதியதாக நான் காணவில்லை.

ஆகவே இளம் ஆய்வாளர்களிடம் ஒன்று கேட்கிறேன். எத்தனை லட்சம் பெட்டிகள் என்ற எண்ணிக்கையைத் துறைமுகமே வெளியிட்டுவிடும். ஒரு கப்பல் நங்கூரம் போட்ட மணியிலிருந்து புறப்பட்ட மணி வரை அதற்கு என்னென்ன கிடைத்தன, யார் கையால், எவ்வளவு தாமதமாக, என்பதை எழுதுங்கள். அந்தக் கப்பலுக்குச் சரக்கு கொண்டுவந்த டிரெய்லர் ஓட்டுநரின் நாளையும் பக்கத்திலேயே எழுதுங்கள். பைலட்களையும், வடம் பிடிப்பவர்களையும், கப்பலுக்குக் காய்கறி ஏற்றும் வியாபாரிகளையும் உங்கள் ஆசிரியர்களாகக் கொள்ளுங்கள்.

இரண்டாம் அமர்வில் பேச, ஓய்வுபெற்ற பைலட் ஒருவர் இசைந்து வந்திருக்கிறார். அமைப்பாளர்கள் ஒப்பினால், அவரை முதல் அமர்விலேயே பேச அழைக்கிறேன். மாநாடு தொடங்கட்டும்.