பள்ளி நேரத்தில் இழைப்பு வந்தால்...
(பரிசளிப்பு விழாவில் ஓய்வுபெற்ற தாதி ஒருவர் ஆற்றிய உரை)



பரிசு வாங்கும் நாளில் நோயைப் பற்றிப் பேச்சா என்று நினைக்க வேண்டாம். இழைப்பு என்று நாம் சொல்லும் ஆஸ்துமாவால் இரவெல்லாம் இருமிய பிள்ளை, காலையில் வகுப்பில் தூங்கிவிழுகிறது. சோம்பேறி என்று பெயரும் வாங்குகிறது.

இந்நோயில் மூச்சுக்குழாய் வீங்கிச் சுருங்குகிறது, சளியும் அடைத்துக்கொள்கிறது. தூசி, கொசுவர்த்திப் புகை, சிகரெட், சளிக்காய்ச்சல் எல்லாம் இதைத் தூண்டிவிடும். புகைமூட்டமும் அப்படித்தான், 2015, 2019 ஆம் ஆண்டுகளில் அதனால் பள்ளிகளையே மூடினார்கள். ஆனால் இது ஒட்டுவாரொட்டி அல்ல.

"பம்ப் அடிச்சா பழகிப் போயிடுமே" என்று சில தாய்மார்கள் கேட்கிறார்கள். பழகாதும்மா. மருந்து நேரே நுரையீரலுக்குப் போவதால் சிறிதளவே போதும். டாக்டர் தடுப்பு மருந்து கொடுத்திருந்தால், பிள்ளை நல்லா இருக்கும்போதும் நீங்களாக நிறுத்தக்கூடாது. அடித்தபின் வாய் கொப்பளிக்க வேண்டும். திணறலுக்கு உடனே அடிக்கும் நீல நிற பம்ப், பெயர் எழுதிப் புத்தகப் பையில் இருக்கட்டும். வகுப்பாசிரியரிடமும் சொல்லிவையுங்கள். அலுவலக அலமாரியில் பூட்டிய பம்ப், சாவி தேடும் நேரத்தில் உதவாது.

வகுப்பில் இழைப்பு வந்தால்:

1. பிள்ளையை நேராக உட்கார வையுங்கள், படுக்க வைக்காதீர்கள், தனியே விடாதீர்கள்.

2. பம்பைக் குலுக்கி, ஸ்பேசர் குழாயில் ஒரு தடவை அழுத்தி, 4 மூச்சு இழுக்கச் சொல்லுங்கள். இப்படி 4 தடவை.

3. 4 நிமிடம் பாருங்கள். குறையாவிட்டால் மறுபடியும் 4 தடவை. அப்போதும் குறையாவிட்டால் 999-ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை இதையே தொடருங்கள்.

பேச முடியாமல் திணறினால், உதடு நீலம் பாய்ந்தால், விலாவில் தோல் உள்வாங்கினால் காத்திருக்கவே வேண்டாம். உடனே அழைத்துவிட்டு பம்ப் அடியுங்கள். பிள்ளை சோர்ந்து, இழைப்புச் சத்தமும் அடங்கினால் 'தேறிடுச்சி' என்று விட்டுவிடாதீர்கள். உள்ளே காற்றுப் போகாததாலும் சத்தம் அடங்கும். உயிர் போவது அந்த நேரத்தில்தான்.

மாணவர்களே, வெட்கப்பட்டு பம்பை ஒளிக்காதீர்கள். நண்பன் திணறினால் சிரிக்காமல் ஆசிரியரிடம் ஓடுங்கள். பெற்றோர்களே, "ஓடாதே, ஆடாதே" என்று பிள்ளையை முடக்காதீர்கள். விளையாட்டுக்கு முன் பம்ப் தேவையா என்று டாக்டரைக் கேளுங்கள். ஆஸ்துமா உள்ள ஜாக்கி ஜாய்னர் கெர்சி என்ற அமெரிக்கப் பெண்மணி, 1988 சியோல் ஒலிம்பிக்கில் 2 தங்கம் வென்றார். மருந்தும் கவனமும் இருந்தால் நம் பிள்ளைகளும் ஓடுவார்கள்.