பேச மறுக்கும் பாரவூர்திகள்



வவுனியாவுக்கு வடக்கே, யாழ்ப்பாண நெடுஞ்சாலையிலிருந்து நெடுங்கேணிப் பாதை பிரிகின்ற இடத்தில் அமைந்த சிற்றூர் எங்கள் புளியங்குளம். இரவும் பகலும் பாரவூர்திகள் அவ்வழியே ஓடிக்கொண்டிருக்கின்றன. வடக்கு நோக்கிச் செல்பவை சீமெந்தும் சீனியும் மாவும் சுமந்து செல்லும்; தெற்கு நோக்கிச் செல்பவை நெல்லும் வெங்காயமும் பனிக்கட்டியிட்ட மீனும் சுமந்து செல்லும். அவற்றுள் ஒன்று நடுவழியில் நின்றுவிட்டால் நெல் ஓரிரு நாட்கள் பொறுத்திருக்கும்; மீன் பொறுக்காது. பனிக்கட்டி உருகும் ஒவ்வொரு மணி நேரமும் கரையிலே வலை இழுத்தவனின் கூலியிலிருந்தன்றோ கழிகிறது! ஆகவே, ஊர்தி ஏன் நின்றது என்னும் கேள்வி எங்கள் பகுதியில் வயிற்றோடு தொடர்புடைய கேள்வியாகும்.

கலைப் பட்டதாரியான பள்ளி அதிபர் ஒருவருக்கு எஞ்சினோடு என்ன உறவு என்று நீங்கள் நினைக்கக்கூடும். என் மாணவர் பலர் இன்று சாலையோரக் கராஜ்களிலே தொழில் செய்கிறார்கள். அவர்களிடம் ஆசிரியர் மாணவராவது இயல்புதானே.

வன்னி மெக்கானிக்குகளின் கைத்திறன் பெரிது. 1990 ஆம் ஆண்டின் பின், போரினால் எரிபொருள் அரும்பொருளாகிவிட்ட காலத்தில், சில துளி பெற்றோலைக் கொண்டு எஞ்சினை உயிர்ப்பித்து, பின்னர் மண்ணெண்ணெயிலே காரை ஓடவிட்டவர்கள் அவர்கள். உதிரிப்பாகம் இல்லையென்றால் கடைந்து செய்தார்கள். எஞ்சினின் ஓசையைச் செவியால் கேட்டே நோயறிந்தார்கள். டீசல் எஞ்சினைச் சீர்கூட்டுவதை 'ரியூன்' செய்தல் என்பர். வீணைக்குச் சுருதி கூட்டுவதற்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தான். அன்றைய ரியூனிங், எரிபொருட் பம்பியிலுள்ள ஒரு திருகாணியை அரைச் சுற்றுத் திருப்பிச் செவி கொடுத்துக் கேட்பதாகவே இருந்தது.

அந்தத் திருகாணி இன்றைய பாரவூர்தியில் இல்லை. 1995 இல் ஜப்பானின் டென்சோ நிறுவனம் ஹினோ பாரவூர்திக்கென அமைத்த பொதுக்குழாய் முறை, பின்னர் உலகெங்கும் பரவியது. ஒரு சதுர சென்ரிமீற்றர் பரப்பில் 1600 கிலோகிராமுக்கும் மேற்பட்ட எடை அழுத்துவதற்கு ஒப்பான அழுத்தத்தில் டீசல் ஒரு குழாயில் காத்திருக்கும். எப்போது, எத்துணை அளவு தெளிப்பது என்பதை ஆயிரத்திலொரு விநாடிக் கணக்கில் ஓர் இலத்திரனியல் கட்டுப்பாட்டு அலகு தீர்மானிக்கும். எஞ்சினுக்கு ஓர் அலகு. தடுப்புக்கு ஓர் அலகு. பற்சக்கரப் பெட்டிக்கும் சாரதியின் முன்னுள்ள மானிகளுக்கும் புகை சுத்திகரிப்புக்கும் வேறு அலகுகள். இவையெல்லாம் தமக்குள் ஓயாது பேசிக்கொண்டிருந்தால்தான் ஊர்தி ஓடும். பேச்சு அறுந்தால், பழுதற்ற எஞ்சினும் உயிர்க்க மறுக்கும்.

அந்தப் பேச்சு நடக்கும் முறை எனக்கு மிக்க வியப்பைத் தந்தது. ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனி வயர் இழுத்தால் ஊர்தி முழுவதும் செப்புக் கம்பியாகிவிடும் என்று கண்ட ஜேர்மனியின் பொஷ் நிறுவனத்தார், 1983 இல் ஆய்வைத் தொடங்கி, 1986 இல் 'கான்' என்னும் முறையை வெளியிட்டனர். ஒன்றையொன்று முறுக்கிக்கொண்ட இரண்டே இரண்டு கம்பிகள். அவற்றிலே எல்லா அலகுகளும் தொங்கிக்கொண்டிருக்கும். ஒன்று பேசினால் அனைத்தும் கேட்கும். தமக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளும். இரண்டு அலகுகள் ஒரே கணத்தில் வாய்திறந்தால், எந்தச் செய்தியின் எண் சிறியதோ அதற்கே முதலிடம். மற்றையது தானே அடங்கி, முறை வரும்வரை காத்திருக்கும். மேலும், ஓர் அலகு தன் பேச்சிலே பிழைகள் அளவுக்கு மீறிப் பெருகக் கண்டால், சபையைக் குழப்பாமல் தானாகவே விலகிவிடும். எங்கள் ஆசிரியர் கூட்டங்களில்கூட இத்தகைய ஒழுங்கை நான் கண்டதில்லை!

பாரவூர்திகளுக்கு இம்முறையின்மேல் அமைந்த மொழிக்கு 'ஜே 1939' என்று பெயர். அது யுத்தம் தொடங்கிய ஆண்டன்று. அமெரிக்கப் பொறியியலாளர் சங்கத்தின் நியம எண் மட்டுமே.

இனி, பேச்சு நின்ற ஊர்தியில் பழுதை எவ்வாறு தேடுவது? கணினியைப் பூட்டியதும் திரையிலே பிழைக்குறிகள் வரிசையாகத் தோன்றும். 'யூ' என்ற எழுத்தில் தொடங்கும் குறிகள் தொடர்பு அறுந்ததைச் சொல்பவை. பலர் முதற் குறியைக் கண்டதும் அந்த அலகையே மாற்றப் புறப்படுகிறார்கள். அலகின் விலையோ ஓர் ஏழைச் சாரதியின் பல மாத வருமானம். அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவர் எனக்குச் சொன்னது இதுதான்: "சேர், ஆர் முறைப்பாடு சொல்லுறான் எண்டு பாக்கக் கூடாது, எல்லாரும் ஆரைக் காணேல்லை எண்டு சொல்லினம் எண்டு பாக்க வேணும்." வகுப்பறை இடாப்பைப் பார்ப்பவருக்கு இது உடனே விளங்கும். நான்கு அலகுகள் 'எஞ்சின் அலகு பேசவில்லை' என்று கூறினால், குறை கூறும் நால்வரையும் விட்டுவிட்டு, வராத அந்த ஒருவரையே தேடிப் போக வேண்டும். அவருக்கு மின்சாரம் வருகிறதா, பியூஸ் எரிந்துவிட்டதா, ஏர்த் கம்பி சட்டத்தில் இறுக்கமாக இருக்கிறதா என்பவையே முதற் கேள்விகள்.

பெரும்பாலான வேளைகளில் வழக்கு இங்கேயே முடிந்துவிடுகிறது. பெரிய ஊர்திகளில் 12 வோல்ற் பற்றறிகள் இரண்டு தொடராக இணைந்து 24 வோல்ற் தருகின்றன. சாரதிகள் பாட்டுப்பெட்டிக்கு வேண்டிய 12 வோல்ற்றை ஒரு பற்றறியிலிருந்து மட்டும் எடுத்துவிடுவார்கள். அந்தப் பற்றறி மெலியும்; மற்றையது மிகையாக மின்னேறிக் கெடும். காலையில் ஸ்ராற்ரர் சுழலும்போது மின்னழுத்தம் சரிந்து அலகுகள் மயங்கிவிடும். அடுத்த பகைவன் எலி. நெல் ஏற்றும் ஊர்தியைத் தேடி எலி வருவது இயற்கை. வந்தது நெல்லோடு நின்றுவிடாது வயரையும் கடித்துப் பார்க்கிறது. மாரிமழை வெள்ளத்தில் நனைந்த இணைப்பிகளின் உள்ளே பச்சை பூப்பது மூன்றாவது.

இவையெல்லாம் சரியாயின் சாதாரண மல்ரிமீற்றரே போதும். முறுக்கிய கம்பிகளின் இரு முனைகளிலும் 120 ஓம் தடை ஒவ்வொன்று உண்டு. எதிரொலி எழாமல் தடுப்பது அதன் பணி. பற்றறியைக் கழற்றிவிட்டுச் சோதனைத் துவாரத்தில் இரு கம்பிகளுக்கிடையே அளந்தால், இரண்டும் சமாந்தரமாக நிற்பதால் 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு முனைத் தடை இல்லை, அல்லது நடுவிலே கம்பி அறுந்துள்ளது. பூச்சியத்தை நெருங்கினால் இரு கம்பிகளும் எங்கோ ஒட்டிக்கொண்டன. பின்பு பற்றறியைப் பூட்டிச் சாவியைத் திருப்பினால், ஒவ்வொரு கம்பியிலும் ஏறத்தாழ இரண்டரை வோல்ற் தெரியும். ஒன்று சற்று மேலாகவும் மற்றையது சற்றுக் கீழாகவும் நிற்கும். அளவு சரியாயிருந்தும் பேச்சு நடக்கவில்லையென்றால், அலகுகளை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். எதைக் கழற்றியதும் ஏனையவை பேசத் தொடங்குகின்றனவோ அதுவே குழப்பக்காரன். அறுந்த கம்பியை ஒட்டுபவர் பழைய முறுக்கையும் திரும்பக் கொடுக்க வேண்டும். முறுக்கவிழ்ந்த இடத்தால் வெளிமின் இரைச்சல் எளிதாக உட்புகும்.

இங்கே ரியூனிங்கைப் பற்றிச் சிறிது கடுமையாகவே சொல்ல விரும்புகிறேன். திருகாணிக்குப் பதிலாக இன்று மடிக்கணினி. அதே இரு கம்பிகளின் வழியே எஞ்சின் அலகுக்குப் புதிய கணக்கை எழுதுகிறார்கள். எழுதும்போது மின்னழுத்தம் தளர்ந்தால் அலகு பாதி எழுதிய பலகையாகி ஊமையாகிவிடும். ஆதலால் விளக்கையும் காற்றாடியையும் நிறுத்தி, பற்றறிக்கு உறுதியான மின்னூட்டம் கொடுத்து, பழைய கணக்கின் பிரதியைப் பத்திரப்படுத்திய பின்னரே தொடங்க வேண்டும். இதைவிடப் பெரிய தவறு, வலுக் கூடும் என்ற ஆசையால் புகைத்துகள் வடியைக் கழற்றி எறிவது. வடியின் செய்தியை எதிர்பார்த்திருக்கும் கட்டுப்பாட்டுக் கணக்கு அது வராததைக் கண்டு பிழைக்குறி எழுப்பும். பல ஊர்திகளில் வலுவையும் குறைத்துவிடும். அக்குறிகளையும் அழித்து மறைக்கும் சாமர்த்தியசாலிகள் இருக்கிறார்கள். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012 இல் வகைப்படுத்தியது. நெடுஞ்சாலை ஓரத்துப் பள்ளிகளின் பிள்ளைகள் காலைப் பிரார்த்தனையில் நிற்கும்போது, அந்தச் சாமர்த்தியத்தைத்தான் சுவாசிக்கிறார்கள்.

செவியால் நோயறிந்த பழைய மெக்கானிக்குகள் இன்று திரையின் ஆங்கிலத்தைக் கண்டு ஒதுங்குகிறார்கள். இது எனக்கு வருத்தம் தருகிறது. கிளிநொச்சி அறிவியல் நகரிலே 2016 இல் தொடங்கிய இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இளைஞருக்கு ஊர்தித் தொழில்நுட்பம் கற்பிக்கிறது. உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு 2013 முதல் உண்டு. இளைஞருக்கு வழி உண்டு. ஐம்பது வயது கடந்த கைகளுக்கு என்ன வழி? நான் கண்டவரையில் சிறந்த கராஜ்களில் ஓர் இளைஞனும் ஒரு முதியவரும் சேர்ந்தே வேலை செய்கிறார்கள். திரையை இளைஞன் வாசிக்கிறான். வயர் எந்த வளைவில் சட்டத்தோடு உராய்ந்திருக்கும் என்பதை முதியவர் விரலால் தடவிக் கண்டுபிடிக்கிறார்.

அத்தகைய ஒரு கராஜின் சுவரிலே கரித்துண்டால் '60 – சரி. 120 – ஒரு முனை. 0 – ஒட்டு' என்று எழுதியிருக்கிறது. அதன் கீழே, ஊர்திச் சட்டத்தில் வெல்டிங் செய்ய வருவோர்க்கான கட்டளை பெரிய எழுத்தில் இருக்கிறது: 'பற்றறியையும் அலகுகளையும் கழற்றாமல் ஒட்டு வேலை தொடங்காதே.' வெல்டிங் மின்னோட்டம் சட்டத்தின் வழியே ஓடி அலகுகளை எரித்துவிடக்கூடும் என்பதே அதற்குக் காரணம்.